ஏகாம்பரம் சாப்பிட்டாரா

தோட்டப்பாளையத்தில், ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்,
நான் ராத்திரிக் கணக்கு எழுதும் லாட்ஜ்.
வரவேற்பில் சுவரோடு ஒரு டிவி.
ரிமோட் என் மேசையில், ரப்பர் பாண்டு சுற்றி.
மே மாதம். பதினொரு மணிக்கும்
சுவர் அடுப்பைப்போல மூச்சுவிட்டது.

இருநூற்றேழு: நமிதா மண்டல், மால்டா.
'வந்த நோக்கம்' என்ற கட்டத்தில்
எல்லோருக்கும் எழுதுவதையே அவருக்கும் எழுதியிருந்தேன்:
சிகிச்சை.
கணவர் வார்டில். அறையில் தனியே இருக்க முடியாமல்
கீழே வந்து உட்காருவார்,
புரியாத படத்தைப் பார்த்துக்கொண்டு.

படத்தில் ஏகாம்பரம்
இரவல் சட்டையில் கல்யாணத்துக்கு வருகிறான்.
தோளில் ஒரு விரற்கடை பெரிய சட்டை.
பிடுங்காத குறையாக மைக்கை வாங்கி
'மாப்பிள்ளையும் நானும் ஒரே தட்டுல சாப்ட்டவங்க' என்கிறான்.
மாப்பிள்ளை பக்கத்தில் குனிந்து கேட்கிறான்:
'யாருப்பா இது?'
மைக் அதையும் வாங்கிக்கொள்கிறது.

எனக்குக் காதுமடல் சுட்டது.
பேரேட்டைத் திறந்து
கூட்டி முடித்த கணக்கையே மறுபடி கூட்டினேன்.
ரிமோட்டைத் துழாவி ஒலியை அடைத்தேன்.
அது இன்னும் மோசம்.
சத்தமில்லாமல் அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது.
ரூம் பாய் நவ்ஷாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

யார் இந்த ஏகாம்பரம்? யாருமில்லை.
வேஷம் கட்டினவர் சம்பளம் வாங்கி, முகம் துடைத்து,
வீட்டுக்குப் போய் எத்தனையோ வருஷம்.
ஏகாம்பரத்துக்கு ரேஷன் கார்டு கிடையாது.
அவனுக்காகக் கூச எனக்கென்ன வந்தது?
தண்ணீரே இல்லாத பாலாற்றின் மேல்
அத்தனை நீளத்துக்குப் பாலம் நிற்கிறதே,
அந்த மாதிரி
இல்லாத ஒருவனுக்காக வியர்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்கம், பட்டவனிடம் தங்காதோ என்னவோ.
அவனுக்கு இன்னும் தெரியவில்லை, சிரித்துச் சிரித்துப் பேசுகிறான்.
வீட்டில் ஆளில்லையென்று
பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் தபால்போல
பார்த்துக்கொண்டிருந்தவன் கைக்கு வருகிறது.
நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

நல்ல விளக்கம்தான். முழுசும் உண்மையில்லை.
போன தை மாதம், காட்பாடி ஸ்டேஷனில்,
பத்தாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்த பூபாலனை
'டேய்' என்று முதுகில் தட்டினேன்.
திரும்பினான். பூபாலனேதான்.
'சொல்லுங்க சார்' என்றான்.
ரயில் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.
தபால் என் பேருக்கே வந்ததுதான்.
நவ்ஷாத்துக்குப் பத்தொன்பது வயசு.
இன்னும் யார் முதுகையும் தட்டியிருக்கமாட்டான்.

நிமிர்ந்தேன். நமிதா மண்டல்
சேலைத் தலைப்பை முகத்தில் இழுத்துப் போட்டிருந்தார்.
'தண்ணி', 'எவ்ளோ', 'டாக்டர் எப்போ'
மூன்றுக்கு மேல் தமிழ் கிடையாது அவருக்கு.
துணிக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும்
முடிந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தது.
பிறகு என்னைப் பார்த்தது.
மாட்டிக்கொண்ட இரண்டு பேர் சிரிக்கிற மாதிரி
சிரித்தோம்.

விளம்பரம் வந்தது. அப்புறம் வேறேதோ, மழை, சண்டை.
சாவி வாங்கிக்கொண்டு படியேறியவர்
பாதியில் நின்றார்.
டிவியைக் காட்டி, சோறு பிசைந்து
வாய்க்குக் கொண்டுபோவதுபோல் விரலைக் குவித்து,
'கானா?' என்றார்.

பந்தியில் உட்கார்ந்தானா,
இல்லை எழுப்பி அனுப்பிவிட்டார்களா என்று கேட்கிறார்.

நானும் பார்க்கவில்லை.
அந்த நேரம் கூட்டிக்கொண்டிருந்தேன்,
இருநூற்றேழுக்குப் பதினேழு நாள் வாடகை.

'சாப்ட்டார்' என்றேன். 'நல்லா சாப்ட்டார்.'
புரியவில்லையோ என்று
கையாலும் ஒருமுறை சொல்லிக் காட்டினேன்,
இலை போட்டதிலிருந்து
பாயசம் வரைக்கும்.